பகடிவதை என்றே எழுது

அன்புள்ள செல்வம்,

நலம்தானே? அமெரிக்கக் கல்லூரிகளின் பிரட்டர்னிட்டிகள் என்னும் ஆண் மாணவர் சங்கங்கள் பற்றிய உன் வரைவை இரண்டு முறை படித்தேன். தகவல்கள் சரி. சொற்களில்தான் கவலை.

அவற்றைக் 'கிரேக்கச் சங்கம்' என்றால் கிரேக்க நாட்டு மாணவர்கள் என்றே வாசகர் நினைப்பார். 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் பிறந்த ஃபை பீட்டா கப்பா சங்கம் தொடங்கி, பெயரின் எழுத்து மட்டுமே கிரேக்கம். 'சோஷியல் பிரட்டர்னிட்டி'யில் வரும் 'சோஷியல்' என்பதைச் 'சமூக' என்று மாற்றியது அதைவிடப் பெரிய பிழை. சமூக சேவை அமைப்பு என்ற நற்பெயர் சும்மா கிடைத்துவிடும். தொழில்சார் சங்கங்களிலிருந்து பிரித்துக்காட்ட வந்த சொல் அது. 'தோழமைச் சங்கம்' பொருந்தும். 'ஃப்ராட்' என்ற சுருக்கம் தலைப்பில் வேண்டாம். தமிழ்க் காதில் அது மோசடி என்றே விழும். சொல்லாத குற்றத்தைச் சுமத்தியதாகிவிடும்.

சங்கத்தில் சேர வருபவரை வதைக்கும் 'ஹேஸிங்' என்பதை 'அறிமுகச் சடங்கு' என்று எழுதியிருக்கிறாய். அதை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. 'மரபு', 'சடங்கு' எல்லாம் செய்பவர்கள் தங்களுக்குச் சூட்டிக்கொள்ளும் பெயர்கள். உங்கள் பக்கம் ராகிங். இலங்கையில் நாங்கள் பகடிவதை என்கிறோம். வேடிக்கை என்று சொல்லி வதைப்பது அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒரு வேறுபாட்டை மட்டும் விளக்கிவிடு: ராகிங் பெரும்பாலும் புதிதாக வரும் எவர்மீதும் விழும், அங்கே அது சங்கத்தில் சேர விரும்புபவரிடம் கேட்கும் விலை. அதனால்தான் 'அவனாகத்தானே வந்தான்' என்ற வாதம் எழுகிறது. ஃப்ளோரிடா போன்ற மாநிலங்களின் சட்டம் அந்தச் சம்மதத்தைத் தற்காப்பாக ஏற்பதில்லை. ஆகவே வினைச்சொல்லைக் கவனி. 2017இல் பென் ஸ்டேட் பல்கலைக்கழகத்தில் சேரவந்த மாணவர் மது புகட்டப்பட்டு, அடித்தளப் படிகளில் விழுந்தார், மறுநாள் காலைவரை யாரும் உதவிக்கு அழைக்கவில்லை, அவர் இறந்தார். நீ 'விருந்தில் குடித்து விழுந்தார்' என்கிறாய். புகட்டியவர்கள் அந்த வாக்கியத்தில் காணாமல் போகிறார்கள். இருபது வயதுக்காரர்களைப் 'பையன்கள்' என்பதும் அப்படித்தான்.

பெயர்மாற்றங்களையும் அப்படியே நம்பாதே. முழு உறுப்பினராகக் காத்திருக்கும் புதியவரைக் குறிக்கும் 'பிளெட்ஜ்' என்ற சொல்லை லாம்ப்டா கை ஆல்ஃபா சங்கம் 1972இல் கைவிட்டு 'இணை உறுப்பினர்' என்றது. சிக்மா ஆல்ஃபா எப்சிலான் 2014இல் பிளெட்ஜ் காலத்தையே எடுத்துவிட்டது. கறுப்பினச் சங்கங்கள் 1990இல் 'சேர்க்கை' என்று முறையை மாற்றின. பழைய வழக்கமோ பல இடங்களில் மறைவாகத் தொடர்ந்தது. சொல் மாறியபோது காத்திருப்புக் காலம் குறைந்ததா, புதியவருக்கு வாக்குரிமை வந்ததா என்று பார்த்து எழுது.

2024 டிசம்பரில் வந்த கூட்டரசுச் சட்டம், விதிமீறிய சங்கங்களின் பெயரோடு அறிக்கை வெளியிடப் பல்கலைக்கழகங்களைப் பணிக்கிறது. அதிலிருந்து எடுக்கும்போது ஒரு கல்லூரியில் உள்ள கிளையையும் சங்கத்தின் தேசிய அமைப்பையும் குழப்பாதே. 'இடைநிறுத்தம்' என்றால் திரும்பி வரலாம்; உரிமப் பட்டயத்தைப் பறித்தால் கிளையே மூடப்படும்.

திருத்தியதை அனுப்பு. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
இளங்கோ