புதிய வரலாற்றுக் கலைத்திட்டம் பிள்ளைகளிடம் போகுமுன் ஆசிரியர்களிடம் வரவேண்டும்: கோரிக்கை மனு

அனுப்புநர்:
வன்னிப் பகுதியில் தமிழ்மொழி மூலம் வரலாறு கற்பிக்கும் ஆசிரியர்கள்

பெறுநர்:
செயலாளர் அவர்கள்,
கல்வி அமைச்சு,
இசுருபாய, பத்தரமுல்லை

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

விடயம்: புதிய வரலாற்றுக் கலைத்திட்டத்தைத் தமிழ்மொழி மூல ஆசிரியர்களுக்கு முறையாக அறிமுகப்படுத்தக் கோருதல்

கல்விச் சீர்திருத்தத்தின் கீழ் வரலாற்றுப் பாடமும் புதிய உருவில் வரவிருக்கிறது. 2025இல் வரலாறு கட்டாய பாடமாக நிற்குமா, நிற்காதா என்று நாடெங்கும் பேச்சு எழுந்தபோது நாங்கள் தினமும் பத்திரிகையைத் தேடி வாசித்தோம். அதைப் படிப்பிக்கப் போகிறவர்களை எப்படி ஆயத்தப்படுத்துவது என்ற பேச்சு மட்டும் எங்கள் காதில் அதிகம் விழவில்லை. அதனால்தான் இந்த மனு.

எங்கள் கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். புதிய கலைத்திட்டம் வகுப்பறைக்கு வருவதற்கு ஒரு முழுத் தவணைக்கு முன்னதாக ஆசிரியர் வழிகாட்டி தமிழில் எங்கள் கையில் இருக்க வேண்டும். ஒவ்வொரு கல்வி வலயத்திலும் தமிழில் ஐந்து நாள் பயிற்சி நடக்க வேண்டும். அந்த ஐந்து நாளில் குறைந்தது இரண்டு நாளாவது நாங்களே மாணவர்களாக உட்கார்ந்து கல்வெட்டு, நாணயம், வரைபடம், பழைய கடிதம் போன்ற மூலங்களை வாசித்துப் பழக வேண்டும்.

இந்த மனுவை எல்லோர் சார்பிலும் எழுதும் நான் பழைய அனுபவம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எட்டு ஆண்டுக்கு ஒருமுறை திருத்தும் வழக்கப்படி 2015இல் தரம் 6க்கும் தரம் 10க்கும் புதிய பாடத்திட்டம் வந்தது. நான் அப்போது தரம் 10க்கு வரலாறு எடுத்துக்கொண்டிருந்தேன். எங்களுக்குக் கிடைத்தது ஒருநாள் செயலமர்வு. காலை ஒன்பது மணிக்கு என்றார்கள், தொடங்கும்போது பத்தரை. வளவாளர் திரையில் தேர்ச்சி மட்டங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பாதி சிங்களத்தில் இருந்தது. அவரே நின்று நின்று மொழிபெயர்த்தார். அவரும் பாவம், அதற்கு இரண்டு நாள் முன்புதான் தானே அந்தப் பயிற்சிக்குப் போய்வந்தவர். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரவுப் படிவத்தில் கையெழுத்து வைத்துவிட்டு பஸ் பிடித்தோம். வழிகாட்டி நூல் என் கைக்கு வந்தது இரண்டாம் தவணையின் நடுவில். அதுவரை பழைய குறிப்புக் கொப்பியை வைத்தே சமாளித்தேன். அந்த ஆண்டுப் பிள்ளைகளை நினைத்தால் இன்றும் மனம் உறுத்துகிறது.

அதை நடத்தியது எந்த அலுவலகம் என்று இங்கே எழுதவில்லை. யாரையும் குற்றம் சொல்வது எங்கள் நோக்கமல்ல. ஒருவர் கற்று, அவர் அடுத்தவருக்குச் சொல்லி, அவர் எங்களுக்குச் சொல்லும் முறையில் கடைசியில் வந்து சேர்வது சக்கைதான் என்பதை மட்டும் தெரிவிக்கிறோம்.

மனப்பாடத்தைக் குறைத்து, பிள்ளை தானே தேடி அறிய வேண்டும் என்பது சீர்திருத்தத்தின் நோக்கம். நாங்கள் அதை மனதார வரவேற்கிறோம். அது பலன் தரும் என்பதை வகுப்பிலேயே பார்த்திருக்கிறேன். நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் ஒரு தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது. பொலனறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு 12ஆம் நூற்றாண்டில் பொறிக்கச் செய்தது. யானையும் குதிரையும் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒரு பங்கு அரச பண்டாரத்துக்கு, மூன்று பங்கு உடையவனுக்கு. வேறு பண்டம் கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் பாதிக்குப் பாதி என்று அது சொல்கிறது. இந்தச் செய்தியை ஒரு தாளில் எழுதிப் பிரதி எடுத்து வகுப்பில் கொடுத்தேன்.

கரையோரத்திலிருந்து வரும் ஒரு பெடியன் எழும்பி, "டீச்சர், எங்கட அப்பான்ர வள்ளம் உடைஞ்சாலும் அரசாங்கம் பங்கு கேக்குமோ?" என்றான். இன்னொருத்தி, "குதிரைக் கப்பலுக்கு மட்டும் ஏன் அரசன் குறைச்சு எடுக்கிறவர்?" என்று கேட்டாள். அவர்களே பேசிப் பேசி, அரசனுக்குப் படைக்குக் குதிரையும் யானையும் வேண்டும், கொண்டுவருகிறவனை நட்டப்படுத்தினால் அடுத்த முறை அவன் வரமாட்டான் என்ற இடத்துக்கு வந்தார்கள். மணி அடித்தும் பேச்சு முடியவில்லை. அடுத்த நாள் கணித ஆசிரியரிடம் ஒரு பாடவேளையைக் கேட்டு வாங்கினேன். அன்றைக்குத்தான் கடைசி வாங்கிலிருந்து அந்தக் கேள்வி வந்தது: "பொலனறுவை ராசா ஏன் தமிழில எழுதினவர்?" வந்து இறங்கும் வணிகர்கள் வாசிக்க வேண்டும் என்பதற்காக இருக்கலாம் என்று சொன்னேன். அந்த மறுமொழி சரியா, போதுமா என்று கேட்டறிய எனக்கு ஒருவரும் இல்லை.

அப்புறம் ஒரு விடுமுறையில் குறிகட்டுவானில் படகேறிப் போய் அந்தக் கல்லின் முன் நின்றேன். அத்தனை வருடம் வரலாறு படிப்பித்தவள், நாலு எழுத்தைச் சேர்த்து வாசிக்க முடியவில்லை. எனக்கு யாரும் அதைக் கற்றுத்தந்ததில்லை. மூலத்தைப் பார்த்துப் பழகாத ஆசிரியர் மூலத்தைக் கொண்டு எப்படிக் கற்பிப்பது? தேர்ச்சி மட்டத்தை எவ்வளவு அழகாக எழுதினாலும் இந்த இடைவெளி மூடாது.

ஆகவே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், கிழக்குப் பல்கலைக்கழகம், பேராதனைப் பல்கலைக்கழகம் ஆகியவற்றில் வரலாறும் தொல்லியலும் கற்பிப்பவர்களையும் தொல்பொருள் திணைக்கள அலுவலர்களையும் இந்தப் பயிற்சிக்கு நேரடியாக அழைக்க வேண்டுகிறோம். ஒவ்வொரு பாடசாலைக்கும் ஒரு மூலத் தொகுப்பு தந்தால் பேருதவி. 1980இல் ஆனைக்கோட்டையில் கிடைத்த முத்திரை, வல்லிபுரத்தில் கிடைத்த எழுத்துப் பொறித்த பொன்னேடு, சீனம்-தமிழ்-பாரசீகம் ஆகிய மூன்று மொழியிலும் பொறித்து 1911இல் காலியில் கண்டெடுத்த கல், மலையகத் தமிழரின் குடியுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டம், கோப்பித் தோட்டங்களுக்கு மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து போனவர்களின் பாதை வரைபடம் போன்றவை தெளிவான படமும் எளிய தமிழ் விளக்கமுமாக அச்சில் வரவேண்டும். இணையத்தில் போட்டிருக்கிறோம் என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். எங்கள் பல பாடசாலைகளில் படம் திறப்பதற்குள் பாடவேளை முடிந்துவிடும்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஒரே அரசனை ஓரிடத்தில் துட்டகைமுனு என்றும் இன்னோரிடத்தில் துட்டகாமினி என்றும் வாசிக்கும் தரம் 6 பிள்ளை ஒருத்தி, இருவரும் அண்ணன் தம்பி என்று விடை எழுதியிருந்தாள். அதற்குப் பிழை போட எனக்குக் கை வரவில்லை. தமிழ் நூல் அச்சுக்குப் போகுமுன் வகுப்பில் படிப்பிக்கும் நாலைந்து தமிழ் ஆசிரியர்களாவது அதை முழுமையாக வாசித்துப் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். முடிந்தால் சில பகுதிகளைத் தொடக்கத்திலேயே தமிழில் எழுதச் செய்யுங்கள். 1980 முதல் பாடநூலை இலவசமாகத் தரும் நாடு இது. அந்த நூல் பிழையில்லாமல் பிள்ளையின் கைக்குப் போகட்டும்.

எங்களுக்கு மிகவும் கடினமான விடயத்துக்கு வருகிறோம். எங்கள் வகுப்பில் இருப்பவர்கள் 2009க்குப் பிறகு பிறந்த பிள்ளைகள். ஆனால் அவர்களுடைய வீடுகளில் அந்த ஆண்டு இன்னும் முடியவில்லை. மாலை போட்ட படம் ஒன்றாவது சுவரில் இல்லாத வீடு எங்கள் பக்கம் குறைவு. சுதந்திரத்துக்குப் பிந்திய இலங்கையைப் படிப்பிக்கும்போது பிள்ளை தன் வீட்டுக் கதையோடுதான் கேள்வி கேட்கும். பேசாமல் விட்டால் வரலாற்றுப் பாடத்தையே நம்பாது. பேசினால் எது எவ்வளவு சொல்லலாம் என்று எங்களுக்குத் தெரியாது. வேலைக்கே பிரச்சினை வருமோ என்ற பயமும் உண்டு. ஆசிரியர் அந்தக் கேள்வியை எப்படிக் கேட்டுக்கொள்வது, ஆதாரம் எது, அபிப்பிராயம் எது என்று எப்படிப் பிரித்துக் காட்டுவது, அழும் பிள்ளையை என்ன செய்வது என்பதற்கெல்லாம் எழுத்தில் ஒரு வழிகாட்டல் வேண்டும். அந்த வழிகாட்டலைப் பின்பற்றும் ஆசிரியருக்கு அமைச்சு துணை நிற்கும் என்ற உறுதியும் அதிலேயே இருக்க வேண்டும்.

இந்தப் பகுதிக்காக மட்டும் சிங்கள மொழி மூல ஆசிரியர்களோடும் முஸ்லிம் பாடசாலை ஆசிரியர்களோடும் சேர்ந்து உட்கார்ந்து பேச இரண்டு நாள் தாருங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் இருந்தால் போதும். அவர்கள் வகுப்பிலும் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள். அங்கே என்ன கேட்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள எங்களுக்கு உண்மையான ஆசை இருக்கிறது.

மற்றவை சிறியவை. சிறிய பாடசாலைகளில் வேறு பாட ஆசிரியர்களே வரலாறும் எடுக்கிறார்கள். அவர்களையும் பயிற்சிக்கு அழையுங்கள். பயணப்படியைப் பயிற்சி முடியும் நாளிலேயே கொடுத்தால் தூரத்திலிருந்து வருபவர்களுக்குச் சுமை குறையும். பரீட்சை வினாக்கள் எப்படி மாறும் என்பதற்கு மாதிரி வினாத்தாளைப் பயிற்சியின்போதே காட்டுங்கள். வினாத்தாள் பழையபடி ஆண்டையும் பெயரையும் மட்டும் கேட்டால், பெற்றோரும் பிள்ளைகளும் எங்களிடம் பழையபடி குறிப்புத்தான் கேட்பார்கள். முதல் தவணை முடிந்ததும் ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வகுப்புக்கு வந்து, குறை பிடிப்பதற்காக இல்லாமல், பின்வரிசையில் இருந்து பார்த்துவிட்டு எங்களோடு ஒரு மணித்தியாலம் பேசினால் ஐந்து நாள் பயிற்சி அப்போதுதான் முழுமையாகும்.

பரீட்சார்த்தமாக முதல் பயிற்சியை எங்கள் பகுதியில் வைத்துப் பார்க்க விரும்பினால் நாங்கள் ஆயத்தம். மண்டபம், கதிரை, மதியச் சாப்பாடு எல்லாவற்றையும் நாங்களே பார்த்துக்கொள்கிறோம். திகதியையும் வளவாளர்களையும் தந்தால் போதும். தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கிறோம்.

நன்றி.

இப்படிக்கு,
உண்மையுள்ள,
வரலாற்று ஆசிரியர்கள்
(ஒப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)