மூன்று நாள் வேலை, ஏழு நாள் கணக்கு

ஐந்தோவன், நெதர்லாந்து
15 நவம்பர் 2025

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது? முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: எனக்கு வேலை போகவில்லை. பெரியம்மாவிடம் யார் என்ன சொன்னார்களோ தெரியாது. வாரத்தில் ஐந்து நாள் ஆபீஸ் போய்க்கொண்டிருந்தவள் செப்டம்பரிலிருந்து மூன்று நாள் போகிறேன், அதுவும் நானே கேட்டு வாங்கியது. போனில் இதைச் சொல்ல ஆரம்பித்தாலே சின்னவன் வந்து பிடுங்கிக்கொள்கிறான். நீயும் "சரி சரி, உடம்பப் பாத்துக்கோ" என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். அப்பாவுக்கும் படித்துக் காட்டு. கணக்கு வருகிற இடத்தில் அவர் கட்டாயம் குறுக்குக் கேள்வி கேட்பார்.

நம் ஊரில் பகுதி நேர வேலை என்றால் பி.எஃப். கிடையாது, நிரந்தரம் கிடையாது, நாளைக்கு வராதே என்றால் போக வேண்டியதுதான். இங்கே அப்படியில்லை. அதே வேலை, அதே நிரந்தர ஒப்பந்தம், மணிக்கு அதே சம்பளம். வாரம் 40 மணி நேரம் என்பது 24 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான். குறைந்த நேரம் வேலை பார்க்கிறார் என்பதற்காக ஒருவரைத் தாழ்வாக நடத்தக் கூடாது என்று 1996-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். லீவு, மே மாதம் வருகிற 8 சதவீத விடுமுறைப் படி எல்லாம் மணிக்கணக்குக்குத் தகுந்த மாதிரி வரும். கேட்பதற்கும் முறை இருக்கிறது. பத்துப் பேராவது வேலை பார்க்கிற இடத்தில் ஆறு மாதம் முடித்தவர், இரண்டு மாதம் முன்னதாக எழுத்தில் கேட்கலாம். மறுப்பதானால் முதலாளிதான் வலுவான காரணம் காட்ட வேண்டும். குறித்த தேதிக்கு ஒரு மாதம் முன்புவரை அவர் பதிலே சொல்லாவிட்டால், கேட்டது கிடைத்ததாகவே அர்த்தம். இந்தக் கடைசி விதியை அப்பாவிடம் இரண்டு முறை படித்துக் காட்டு. அரசு ஆபீஸில் மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்தவர், ரசிப்பார்.

ஊரே இப்படித்தான் இருக்கிறது அம்மா. வேலைக்குப் போகும் பெண்களில் பத்துக்கு ஆறேழு பேர் முழு வாரம் போவதில்லை. பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தால் பழைய கதை வரும். 1956-ல் சட்டம் மாறும்வரை இந்த நாட்டில் கல்யாணமான பெண் புருஷன் சம்மதம் இல்லாமல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட முடியாதாம். கல்யாணம் ஆனதும் அரசு வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்களாம். ஐரோப்பாவைப் பற்றி நாம் நினைத்துக்கொண்டிருப்பது வேறு! அப்புறம் 1982-ல் தொழிற்சங்கங்களும் முதலாளிகளும் வாசனார் என்ற ஊரில் உட்கார்ந்து, சம்பள உயர்வைக் கட்டுக்குள் வைப்போம், பதிலுக்கு வேலை நேரத்தைக் குறைத்து வேலையைப் பகிர்ந்துகொள்வோம் என்று உடன்பாடு செய்தார்கள். வீட்டில் இருந்த பெண்கள் வேலைக்கு வந்ததும் அந்தக் காலத்தை ஒட்டித்தான். வந்தவர்களில் நிறையப் பேர் இரண்டு நாள், மூன்று நாள் வேலைக்கே வந்தார்கள். அதுவே பழக்கமாகிவிட்டது.

இனி கணக்கு. 40 மணி நேரத்தில் 16 போனால் சம்பளம் 40 சதவீதம் குறையும். ஆனால் கைக்கு வருவது அந்த அளவுக்குக் குறையவில்லை. இங்கே சம்பளம் ஏற ஏற வரி விகிதமும் ஏறும், ஆகவே மேல்தட்டில் வெட்டுப்பட்ட பணத்தில் நிறைய வரிக்குப் போயிருக்க வேண்டிய பணம். அடுத்தது க்ரெஷ், அதாவது குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்கிற காப்பகம். ஒரு நாளைக்குப் பதினொரு மணி நேரம் என்று கட்டணம் போடுவார்கள், பிள்ளை ஏழு மணி நேரம் இருந்தாலும் சரி. அதில் ஒரு பங்கை அரசு திருப்பித் தரும். பெற்றோர் சம்பளம் கூடக்கூட அந்தப் பங்கு சுருங்கும். 2025-ல் அரசு ஏற்றுக்கொண்ட உச்சவரம்பு மணிக்கு 10.71 யூரோ. க்ரெஷ் அதற்கு மேல் கேட்டால் மிச்சம் முழுக்க நம் கைக்காசு. முன்பு சின்னவன் ஐந்து நாளும் போனான், இப்போது திங்களும் செவ்வாயும் மட்டும். வியாழக்கிழமை உன் மாப்பிள்ளை வீட்டில் இருக்கிறார். அவர் 36 மணி நேரத்தை ஒன்பது ஒன்பது மணியாக நான்கு நாளில் முடித்துவிடுகிறார். ஆக, சம்பளத்தில் குறைந்ததில் பெரும் பங்கை க்ரெஷ் பில்லே ஈடுகட்டிவிட்டது. இரண்டு நாள் நான் வேலைக்குப் போனதே க்ரெஷுக்குக் கட்டத்தான் என்று காகிதத்தில் போட்டுப் பார்த்தபோது கோபம்தான் வந்தது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. க்ரெஷுக்கான இந்த உதவித்தொகையை அரசு முன்கூட்டியே தந்துவிடும், வருமானம் மாறியதைச் சொல்லாமல் விட்டால் பிறகு திருப்பிக் கட்டச் சொல்லி வந்து நிற்கும். இதே உதவித்தொகையில் ஆயிரக்கணக்கான பெற்றோர்களை மோசடிக்காரர்கள் என்று தப்பாக முத்திரை குத்தி, கொடுத்ததையெல்லாம் திருப்பிக் கேட்டு, குடும்பங்களைக் கடனில் தள்ளினார்கள். வெளிநாட்டு வேர் உள்ளவர்கள் நிறையவே அடிபட்டார்கள். அதற்குப் பொறுப்பேற்று 2021 ஜனவரியில் ஒரு மந்திரிசபையே ராஜினாமா செய்தது. அதனால் சம்பளம் மாறிய வாரமே புது வருமானத்தைப் பதிந்துவிட்டோம்.

ஆபீஸில் பழகத்தான் நாளானது. மூன்று நாள் சம்பளத்துக்கு ஐந்து நாள் வேலையைச் செய்துவிடுவேனோ என்று நீ கேட்டாயே, நியாயமான கேள்வி. நேரத்தைக் குறைத்தவர்கள் பலர் அதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள். நேரம் குறைவதற்கு முன்னால் மேலாளரோடு உட்கார்ந்து, எந்தெந்த வேலை என் கையிலிருந்து யாரிடம் போகிறது என்று எழுதி வைத்துக்கொண்டேன். புதன், வெள்ளி எனக்கு வேலை இல்லை என்று காலண்டரிலேயே தெரியும்படி போட்டாகிவிட்டது. அந்த நாளில் யாராவது கூட்டம் வைத்தால் நான் போவதில்லை. மறுநாள் குறிப்பைப் படித்துக்கொள்வேன். ஒருவரும் முகம் சுளிப்பதில்லை, ஏனென்றால் என் மேலாளரே வெள்ளிக்கிழமை வருவதில்லை. ஆனால் மனசு அவ்வளவு சீக்கிரம் அடங்கவில்லை. முதல் சில புதன்கிழமைகளில், ஏதோ ஊரெல்லாம் உழைக்கிறது, நான் மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற மாதிரி ஒரு குறுகுறுப்பு. அதைத் தீர்க்க வீட்டைத் தலைகீழாகப் புரட்டிச் சுத்தம் செய்தேன். இப்போது அதை விட்டாயிற்று. புதன்கிழமை பாப்பா பள்ளிக்கூடம் மதியத்தோடு முடிந்துவிடும். போய்க் கூட்டிக்கொண்டு நேரே நூலகம். குழந்தைகளுக்குச் சந்தா கிடையாது, சூடாக இருக்கும், பைசா செலவில்லை. என்னைப் போல ஐந்தாறு அம்மாக்களும் இரண்டு அப்பாக்களும் அங்கேதான் இருப்பார்கள்.

வீட்டுச் செலவைச் சொல்கிறேன். நீ மஞ்சள் நோட்டில் எழுதுவாயே, அதே வேலைக்கு இங்கே நிபுட் என்று ஒரு நிறுவனமே இருக்கிறது, 1979-லிருந்து. இத்தனை பேர் உள்ள குடும்பத்துக்குச் சாப்பாட்டுக்கு எவ்வளவு ஆகும், அவசரத்துக்கு எவ்வளவு கையிருப்பு வேண்டும் என்று மாதிரிக் கணக்குப் போட்டுத் தருவார்கள். அதை வைத்து எங்கள் செலவை ஒப்பிட்டுப் பார்த்தோம். வாடகையும் மருத்துவக் காப்பீடும் நம் கையில் இல்லை. காப்பீடு மட்டும் பெரியவர் ஒருவருக்கு மாதம் 150 யூரோவுக்கு மேல், குழந்தைகளுக்கு இலவசம். அது போக, ஆஸ்பத்திரி பில் வந்தால் வருஷத்துக்கு முதல் 385 யூரோவை நாம்தான் கட்ட வேண்டும். அந்தப் பணத்தை ஆளுக்கு ஒரு பங்காக ஒதுக்கி வைத்தாகிவிட்டது. கை வைக்க முடிந்தது சாப்பாடு, கரண்ட், எரிவாயு, வெளியே தின்கிற செலவு. வெளியே தின்பதுதான் மோசம் என்று தெரிந்தது. ஐந்து நாள் வேலையில் களைத்து வந்து, வாரத்தில் இரண்டு ராத்திரி வரவழைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். இப்போது அது அநேகமாக நின்றுவிட்டது, ஏனென்றால் சமைக்க ஆள் இருக்கிறது. அந்த ஆள் எப்போதும் நானே இல்லை, வியாழக்கிழமை மாப்பிள்ளை வைக்கிற ரசத்தை நீ குடித்துப் பார்க்க வேண்டும்.

இட்லி மாவுப் பாக்கெட் வாங்குவதையும் நிறுத்திவிட்டேன். செவ்வாய் ராத்திரி ஊறப்போட்டுப் புதன் காலையில் அரைக்கிறேன். குளிரில் மாவு புளிக்கவே புளிக்காது. ஓவனுக்குள் பாத்திரத்தை வைத்து, சூடு போடாமல் உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிட்டால் ராத்திரிக்குள் பொங்கிவிடும். அரிசி, பருப்பு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை மூட்டையாக வாங்குகிறோம், இன்னொரு தமிழ்க் குடும்பத்தோடு பங்கு போட்டு. இந்த ஊரில் சிப் தயாரிக்கிற இயந்திரம் செய்யும் ஏ.எஸ்.எம்.எல். பக்கத்திலேயே இருப்பதால் நம்மவர்களுக்குப் பஞ்சமில்லை. காய்கறிக்குச் சந்தை முடிகிற நேரமாகப் போக வேண்டும். கடையைக் கட்டும் அவசரத்தில் கூறு கட்டிக் கூவி விற்பார்கள், நம் திண்டுக்கல் சந்தையில் பொழுது சாய விற்கிற மாதிரியேதான். சூப்பர் மார்க்கெட்டில் தேதி முடியப் போகிற சாமானுக்குத் தள்ளுபடி ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். முதலில் அதை எடுக்கக் கூச்சப்பட்டேன். பிறகு பார்த்தால் எனக்கு முன்னால் நல்ல கோட்டுப் போட்ட டச்சுக்காரர்கள் அதையே பொறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். இந்த ஜனங்களுக்குச் சிக்கனத்தில் வெட்கமே இல்லை அம்மா, எனக்குப் பிடித்த குணம் அது. ஆனால் எல்லை தாண்டியும் போவார்கள். சேர்ந்து காபி குடித்துவிட்டு வந்தால் ராத்திரி போனில் "உன் பங்கு 2 யூரோ 80 சென்ட்" என்று கேட்டுச் செய்தி வரும். அதற்கென்றே டிக்கி என்று ஒரு செயலி. நான் இன்னும் யாருக்கும் அனுப்பவில்லை, அனுப்பவும் போவதில்லை.

எரிவாயுதான் பயமுறுத்தும். 2022-ல் விலை ஏறிய ஏற்றத்தில் அரசே வீட்டுச் சூட்டை 19 டிகிரிக்கு மேல் வைக்காதீர்கள் என்று பிரசாரம் செய்தது. நாங்கள் இன்னும் அந்த 19-ஐ விடவில்லை. ராத்திரி 15. வீட்டுக்குள்ளும் ஸ்வெட்டர், காலுறை. இந்த நாட்டிலேயே குரோனிங்கன் பக்கம் எரிவாயு ஏராளமாக இருந்தது, எடுத்து எடுத்து நிலம் அதிர்ந்து வீடுகள் விரிசல் விட, 2023 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். கரண்ட்டுக்குப் பகல் விலை, இரவு விலை என்று தனித்தனியாக இருக்கிற ஒப்பந்தம் எங்களுடையது. எங்கள் மாகாணத்தில் ராத்திரி ஒன்பது மணிக்கே இரவு விலை தொடங்கிவிடும். அதற்கப்புறம்தான் துணி துவைக்கும் இயந்திரம் ஓடும். உலர்த்துவது கொடியில்தான். மழை நாளில் கூடம் முழுக்கத் துணி தொங்கும், பார்க்கச் சகிக்காது.

பிள்ளைகளுக்குப் புதுசாக வாங்குவது குறைவு. ஏப்ரல் 27 இந்த நாட்டு ராஜாவின் பிறந்தநாள். அன்றைக்கு ஊர் முழுக்கத் தெருவில் பாய் விரித்துப் பிள்ளைகள் தங்கள் பழைய பொம்மைகளையும் புத்தகங்களையும் விற்பார்கள். பாப்பாவும் போன தடவை கடை போட்டாள். விற்ற காசில் பக்கத்துப் பாயில் ஒரு ஸ்கேட்டிங் செருப்பு வாங்கிக்கொண்டு வந்தாள். காலி பிளாஸ்டிக் பாட்டிலையும் டின்னையும் கடையில் திருப்பிக் கொடுத்தால் டின்னுக்கும் சின்னப் பாட்டிலுக்கும் 15 சென்ட், பெரிய பாட்டிலுக்கு 25 சென்ட் கிடைக்கும். அந்த வருமானம் முழுக்க அவளுக்கு என்று ஒப்பந்தம். அவள் அதை எண்ணுகிற விதத்தைப் பார்த்தால் யார் பேத்தி என்று கேட்கவே வேண்டாம்.

நீ போனில் தயங்கித் தயங்கிக் கேட்டாயே, "உன் கையில காசு இருக்குமா?" என்று. இருக்கிறது. பொதுக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறோம். அவரவர் சம்பளத்தின் அளவுக்குத் தகுந்த விகிதத்தில் அதில் போடுவோம், சரிபாதி இல்லை. என் சம்பளம் குறைந்ததும் என் பங்கும் குறைந்தது. ஏனென்றால் நான் வீட்டில் இருக்கிற இரண்டு நாளால் மிச்சமாவது இரண்டு பேருக்கும்தானே? மீதி என் கணக்கில், என் பெயரில். சீட்டுப் பணம் வழக்கம்போல மாதம் ஐந்தாம் தேதி வந்துவிடும், அதில் ஒரு ரூபாய் குறையாது.

எனக்கு உறுத்துகிற ஒரே விஷயம் ஓய்வூதியம். சம்பளம் குறைந்தால் அதில் சேர்வதும் குறையும், இது இன்றைக்குத் தெரியாது, ஓய்வு பெறுகிற வயதில்தான் தெரியும். இங்குள்ள பெண்கள் நிறையப் பேர் சின்னப் பிள்ளைக்காக நேரத்தைக் குறைத்துவிட்டு, பிள்ளை வளர்ந்த பிறகும் கூட்டாமலே இருந்துவிடுகிறார்கள். நான் அப்படி விடப் போவதில்லை. சின்னவனுக்கு நான்கு வயதானதும் பள்ளிக்கூடம் ஆரம்பித்துவிடும். அப்போது 32 மணி நேரம் கேட்பேன். கூட்டித் தரச் சொல்லிக் கேட்கவும் அதே சட்டம் இருக்கிறது. அதுவரை என் பெயரில் தனியாகக் கொஞ்சம் சேமிக்கிறேன், மாப்பிள்ளையும் அதில் பாதி போடுகிறார்.

நீங்கள் ஏப்ரலில் வருவதானால் விசா வேலையை இப்போதே தொடங்க வேண்டும். கேட்ட காகிதங்களை அடுத்த வாரம் அனுப்புகிறேன். மூட்டை கட்டும்போது மிளகாய்ப் பொடி, சாம்பார்ப் பொடி, வடகம் தாராளமாக எடுத்து வா. நெய், பால்கோவா, தயிர் மிளகாய் எதுவும் வேண்டாம், பால் பொருள் எதையும் ஐரோப்பாவுக்குள் விடமாட்டார்கள். கறிவேப்பிலையையும் மறந்துவிடு, செடி கொடிக்கு இங்கே ஆயிரம் சோதனை. தேங்காய் கொண்டுவரலாம், அதற்குத் தடை இல்லை, ஆனால் இங்கேயே கிடைக்கிறது, சுமக்காதே. அப்பாவுக்கு இரண்டு ஜோடி தடித்த காலுறை போதும், ஸ்வெட்டர் நான் பழைய துணிக் கடையில் வாங்கி வைக்கிறேன். பழையது என்று அவரிடம் மட்டும் சொல்லாதே.

அன்புடன்,
உன் மகள்