கோர்டோபாவை நிறுவிய காப்ரேராவுக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய ஹெரோனிமோ லூயிஸ் தே காப்ரேரா அவர்களுக்கு,

வணக்கம். உங்களுக்கு வந்த உத்தரவில் குழப்பமே இல்லை. 1571-இல், ஸ்பெயின் மன்னரின் பெயரில் பெருவை ஆண்ட வைஸ்ராய் பிரான்சிஸ்கோ தே தொலேதோ உங்களைத் துக்குமான் மாகாணத்துக்கு, அதாவது இன்றைய அர்ஜென்டினாவின் வடபகுதிக்கு, ஆளுநராக நியமித்தார். சால்ட்டா பள்ளத்தாக்கில் ஓர் ஊர் அமைக்க வேண்டும், பெருவுக்குப் போகும் பாதைக்கு அது காவலாக இருக்க வேண்டும். 1563-லேயே பெருவில் இக்கா நகரை நிறுவிய உங்களுக்கு இது புது வேலையும் இல்லை. நீங்களோ சால்ட்டாவை விட்டுவிட்டுத் தெற்கே போய்விட்டீர்கள். 1573 ஜூலை 6 அன்று சுக்கியா ஆற்றங்கரையில், இன்று அர்ஜென்டினாவில் இருக்கும் கோர்டோபா பிறந்தது.

ஏன் போனீர்கள் என்று எனக்குப் புரிகிறது. அட்லாண்டிக் பக்கம் ஒரு துறைமுகம் கிடைத்துவிட்டால், லிமாவைச் சுற்றாமலே ஸ்பெயினுக்குப் போய்விடலாம். அதனால்தான் ஊர் அமைத்த ஈரம் காய்வதற்குள் பரானா ஆற்றுக்குக் கிளம்பினீர்கள். அங்கே போனால், இன்றைய பராகுவேயின் அசுன்சியோனிலிருந்து வந்த இன்னொரு ஸ்பானியத் தளபதி ஹுவான் தே காராய் சாந்தா ஃபே நகருக்கான வேலையில் இருக்கிறார்! ஒரே கரைக்கு இரண்டு பேர் உரிமை கேட்டீர்கள். கடைசியில் அவர் ஊர்தான் அங்கே நிலைத்தது.

அப்புறம் 1574-இல் புது ஆளுநராக கொன்சாலோ தே அப்ரேயு வந்தார். உங்களைக் கைதுசெய்து, சாந்தியாகோ தெல் எஸ்தேரோவில் கொன்றுவிட்டார். ஊர் அமைத்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. உங்கள் மனைவி லூயிசா மார்த்தெல் ஏற்கெனவே ஒரு கணவரை இழந்தவர், மறுபடியும் விதவையானார். உத்தரவை மீறியதற்கு உயிரையே எடுப்பது அநியாயம் என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். பின்னால் அப்ரேயுவை அடுத்த ஆளுநர் எர்னாந்தோ தே லெர்மா சித்திரவதை செய்ய, அதிலேயே அவரும் இறந்தார். அந்த லெர்மாதான் 1582-இல் சால்ட்டாவை நிறுவினார்.

ஆனால் நான் எழுத உட்கார்ந்தது இதற்காக இல்லை. உங்கள் பயணத்தைப் பற்றிய அறிக்கை ஒன்று இருக்கிறதே, அதற்காக. அந்த மலைப்பகுதியில் வாழ்ந்த கொமெச்சிங்கோன் மக்களை அதில் எவ்வளவு நுணுக்கமாக எழுதியிருக்கிறார்கள்! ஆண்கள் ஸ்பானியர்களைப் போலவே தாடி வைத்திருக்கிறார்கள். வாய்க்கால் வெட்டிப் பாசனம் செய்கிறார்கள். வீடுகளோ பாதி உயரம் மண்ணுக்குள். நிலவறைக்குள் இறங்குவதுபோல் இறங்கித்தான் உள்ளே போக வேண்டும். குளிருக்கு அடக்கமாக இருக்கும், மரமும் குறைவாகத் தேவைப்படும் என்று காரணம்கூட எழுதியிருக்கிறது. இப்படி 600-க்கும் மேற்பட்ட ஊர்கள்.

இவ்வளவும் தெரிந்த பிறகுதான் அந்த ஊர்களை என்கொமியெண்டா என்ற பெயரில், அதாவது ஊர்மக்களின் உழைப்பையும் வரியையும் பெறும் உரிமையாக, உங்கள் வீரர்களுக்குப் பங்கு போட்டீர்கள். வாய்க்கால் வெட்டிய கைகளின் உழைப்பு அன்றிலிருந்து இன்னொருவர் கணக்கில் போய்ச் சேர்ந்தது. உங்களுக்கு நடந்த அநியாயத்தை நினைத்து வருந்தும்போதெல்லாம் இந்த இடத்தில் என் மனம் நின்றுவிடுகிறது.

கோர்டோபா கதீட்ரலுக்குப் பின்னால் இன்று உங்களுக்குச் சிலை இருக்கிறது. ஜூலை 6 அன்று ஊருக்கே விடுமுறை. எனக்கு உங்களிடம் கேட்க ஒன்றுதான் இருக்கிறது. அந்த வீடுகளில் ஒன்றிலாவது நீங்கள் குனிந்து உள்ளே இறங்கினீர்களா? இறங்கியிருந்தால், உள்ளே யார் இருந்தார்கள்? அவர்கள் பேரையும் எழுதச் சொல்லியிருக்கலாமே, ஐயா.