குழல் போட்டியில் குளிரும் சுருதியும்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

இளையர் புல்லாங்குழல் போட்டிகளில் நன்றாகச் சாதகம் செய்த பிள்ளையும் சுருதி விலகி வாசிப்பதுண்டு. காரணம் பல நேரம் குளிர். வெளியே 31 டிகிரி, அரங்கினுள் 22 என்றால் குழலின் சுருதி ஏறத்தாழ 25 சென்ட், அதாவது அரைச்சுரத்தில் கால் பங்கு இறங்கிவிடும். வாசிக்க வாசிக்க மூச்சுச் சூட்டில் மெல்ல ஏறும். உலோகக் குழலில் தலைப்பகுதியை நகர்த்திச் சரிசெய்யலாம். மூங்கிலில் உதட்டின் கோணம் ஒன்றே வழி. சிறுவர்களுக்கு அது எளிதன்று.

எனவே ஏற்பாட்டாளர்கள் அரங்கின் அதே குளிரில் ஓர் அறை ஒதுக்கி, 20 நிமிடம் முன்பே பிள்ளைகளை உட்கார வைக்கட்டும். எல்லாத் துளைகளையும் மூடிச் சத்தமில்லாமல் வெதுவெதுப்பாக ஊதிச் சூடேற்றியபின், மின் தம்புராவை (இடைவிடாது சுருதி ஒலிக்கும் கருவியை) குழலுக்கேற்பச் சேர்க்க வேண்டும். பலர் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள்.

குழுவாக வாசிப்போர் அனைவரும் ஒரே கட்டை, அதாவது ஒரே அடிப்படைச் சுருதி கொண்ட குழலோடு, ஒன்றாகவே காத்திருப்பது முக்கியம். வெளியே வெப்பமான தாழ்வாரத்தில் நின்றுவிட்டு வரும் ஒருவரின் குழல் மட்டும் தனியே தூக்கி ஒலிக்கும். மேல் ஸ்தாயி ஷட்ஜத்தையும் (மேல் ‘ஸ’வையும்) சேர்ந்து ஊதிப் பார்க்கட்டும்.

குளிர்சாதனக் காற்று, குழலின் ஊதுதுளைமேல் படும் இடத்தில் மட்டும் மேடை இருக்கை வேண்டாம், நாதமே உடைந்துபோகும்.

இப்படிக்கு,
புல்லாங்குழல் ஆசிரியர்கள் சிலர்,
சிங்கப்பூர்