சாரல் ஓய்ந்தபின் மர இழைப்புளி: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆனி, ஆடிச் சாரல் ஓய்ந்து வெயில் ஏறியதும், செங்கோட்டையிலிருந்தும் மலைக்கு அப்பால் ஆரியங்காவு, புனலூரிலிருந்தும் "இழைப்புளி தத்துது, வேற தகடு குடுங்க" என்று வருகிறீர்கள். மரத்தைச் சீவும் அந்தத் தகட்டை வாங்குமுன் இழைப்புளிக் கட்டையின் அடியைப் பாருங்கள். ஈரத்தில் ஊதிய கட்டை காயும்போது ஒரே சீராகச் சுருங்குவதில்லை, அடி வளைந்துவிடும்.

இரும்பு ஸ்கேலை அடியில் நெடுக்காக வைத்து வெளிச்சத்தில் பிடியுங்கள். முன்நுனி, வாயின் (தகடு வெளியே நீட்டும் துவாரத்தின்) முன்விளிம்பு, பின்நுனி மூன்றும் ஸ்கேலைத் தொட வேண்டும். வாயருகே வெளிச்சம் தெரிந்தால் எவ்வளவு தீட்டினாலும் மெல்லிய சுருள் வராது.

சரிசெய்ய, கனமான கண்ணாடிமேல் 120 நம்பர் உப்புத்தாளை ஒட்டுங்கள். தகட்டை 3 மி.மீ. உள்ளே இழுத்து, தகட்டைப் பிடித்திருக்கும் ஆப்பை வேலைக்கு இறுக்குகிற அளவுக்கே இறுக்குங்கள். இதை யாரும் விடக்கூடாது. ஆப்பின் அழுத்தமே கட்டையைக் கொஞ்சம் வளைக்கும். ஆப்பைக் கழற்றிவிட்டு மட்டம் பார்த்தால், மறுபடி இறுக்கியதும் மட்டம் போய்விடும். அடியில் பென்சில் கோடுகள் போட்டு, அவை அழியும்வரை தேயுங்கள். கடைசியில் 240 நம்பர் தாள்.

அடி சரியாக இருந்தும் வாய் அடைக்கிறதா? வெட்டும் தகட்டின்மேல் பொருத்தும் மேல்தகட்டின் விளிம்பு கீழ்த்தகட்டில் ஒட்டி உட்காரவில்லை என்று பொருள். மயிரிழை இடைவெளி இருந்தாலே சுருள் அதற்குள் புகுந்துகொள்ளும். மேல்தகட்டின் விளிம்பைக் கல்லில் தேய்த்து ஒட்டி உட்காரவையுங்கள். முரட்டு இழைப்புக்கு அதைக் கீழ்த்தகட்டின் முனையிலிருந்து 1.5 மி.மீ. தள்ளி வைக்கலாம். பலாவிலும் அதன் இனமான அயனியிலும் நார் மாறிமாறி ஓடும். அங்கே அரை மி.மீ.க்குள் வைத்தால்தான் பிய்க்காது.

தகட்டை 25 பாகையில் சாணை பிடித்து, முனையை 30 பாகையில் தீட்டுங்கள். தேக்கில் சிலிக்கா உண்டு, முனை சீக்கிரம் மழுங்கும். அதைத் தகட்டின் தரக்குறைவு என்று எண்ண வேண்டாம்.

ஆப்பை ஓங்கி அடிக்காதீர்கள், கட்டையின் கன்னம் (பக்கச்சுவர்) வெடிக்கும். வேலை முடிந்ததும் ஆப்பைத் தளர்த்தி, கட்டையைப் பக்கவாட்டில் படுக்கவையுங்கள். சிமென்ட் தரையில் வேண்டாம். அடி வழுக்க மெழுகுவத்தி போதும். தேங்காய் எண்ணெய் பலகையில் கறையாக இறங்கி பாலிஷைக் கெடுக்கும்.

தேய்க்கத் தேய்க்க வாய் அகலும். சுருள் பிய்ந்து வரும் அளவுக்கு அகன்றிருந்தால், வாய்க்கு முன்னால் கடினமான மரத்துண்டு பதித்துத் தருகிறோம். தகட்டையும் ஆப்பையும் சேர்த்தே கொண்டுவாருங்கள், அவை இல்லாமல் வாய்க்கு அளவெடுக்க முடியாது.