உன் பச்சைக்கு வந்த பகை

அன்புள்ள செல்வி,

நான்கு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. வேலை அதிகம் என்று சொல்லலாம். ஆனால் அது பொய். நீ கொடுத்த, பவளம் போலக் கூட்டமாக வளரும் பச்சை ஜோவாந்தஸ் எப்படி இருக்கிறது என்று கேட்பாய், என்ன சொல்வது என்று தெரியாமல்தான் தள்ளிப் போட்டேன். உன் கடல்நீர்த் தொட்டியில் தாய்க்கூட்டம் அழிந்தபின் மிஞ்சியது என்னிடம் இருக்கும் இந்தப் பிடிதானே.

அம்மாவின் முழங்கால் தேறிவிட்டது. துரையும் துரைசானியும் சுகம். இனி விஷயம்.

என் தொட்டிக்குள் ஐப்டேசியா புகுந்துவிட்டது, அந்தக் களைபோலப் பரவும் கடல் சாமந்தி.

முதலில் ஒன்றே ஒன்றுதான். விளக்கு அணைந்தபின் டார்ச் அடித்தால், கல் இடுக்கில் குட்டித் தென்னை மாதிரி நின்றது. கண்ணாடி போன்ற தண்டு, உச்சியில் பழுப்பு இழைகள். அழகுதான், மறுக்க மாட்டேன். என் கை நிழல் பட்டதும் சடக்கென்று பொந்துக்குள் போய்விட்டது. நான் இடுக்கியை விட்டுப் பிய்த்து எடுத்தேன். அங்கேதான் தப்புப் பண்ணினேன். அதன் சதை கடுகத்தனை மிஞ்சினாலும் முழுசாக வளர்ந்துவிடும். நாம் தொடாவிட்டாலும், நகரும்போது அடிப்பாதத்திலிருந்து துணுக்குகளை விட்டுப் போகும். ஒவ்வொரு துணுக்கும் ஒரு குட்டி. சில வாரம் கழித்து எண்ணினேன்: 23.

நீ ஒருநாள் முள்புழுவைப் பார்த்துவிட்டு நாற்காலி மேல் ஏறி நின்றாயே, அது பாவம், மிஞ்சிய இரையைத் தின்று தொட்டியைச் சுத்தமாக வைக்கிற பிராணி. இது அப்படியில்லை. பக்கத்தில் இருப்பதையெல்லாம் கொட்டும். உன் பச்சையை ஒட்டி மட்டும் மூன்று நின்றன. அந்த ஓரத்தில், பூப்போல விரியும் பச்சையின் வாய்களில் ஒன்பது மூடிக்கொண்டன. தினமும் விளக்கு எரிந்ததும் முதலில் அங்கேதான் என் கண் போகும். ஒன்றும் திறக்கவில்லை.

நீற்றுச் சுண்ணாம்பைக் கெட்டிப் பசையாகக் குழைத்து ஊசிக்குழலில் எடுத்துக்கொண்டேன். பம்பை நிறுத்திவிட்டு, அதன் வாய்மேல் மெதுவாக விட வேண்டும். கை அவசரப்பட்டால் உள்ளே இழுத்துக்கொள்ளும். நிதானமாக விட்டால் இரை என்று நினைத்து விழுங்கிவிட்டுச் சுருண்டு போகும். ஆனால் என்னுடையது 60 லிட்டர். ஒரேயடியாகப் போட்டால் தண்ணீரின் பிஎச், அதாவது காரத்தன்மை, ஏறி மற்ற உயிர்களுக்கு ஆபத்து. ஒரு நாளைக்கு மூன்றுக்கு மேல் தொடவில்லை. பச்சைக்குப் பக்கத்தில் இருந்ததைத் தொடவே முடியவில்லை, சுண்ணாம்பு அதையும் சுட்டுவிடும்.

பெப்பர்மிண்ட் இறால் ஐப்டேசியாவைத் தின்னும் என்றார்கள். கேட்டு வாங்கி வந்து பார்த்தால், முதுகு கூன், உடம்பெல்லாம் வெள்ளைக் கோடு. கேமல் இறால்! அது பவளத்தையே கொறிக்கும். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டேன். தெரியாமல் வாங்கிப் போகிறவர்கள் எத்தனை பேரோ என்று எனக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

அப்புறம் நம் கண்ணன். "கல்லை எடுத்துக் கொதிக்க வை, ஒரே நாளில் முடிந்துவிடும்" என்றான். செல்வி, இதை மட்டும் நீ யாரிடமும் விளையாட்டாகக்கூடச் சொல்லாதே. ஜோவாந்தஸ், அதன் உறவான பாலித்தோவா வகைகளில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு இருக்கலாம். 1971-ல் ஹவாயைச் சேர்ந்த விஞ்ஞானிகள் எழுதிய காலத்திலிருந்தே அதன் கடுமை தெரிந்ததுதான். கல்லைக் கொதிக்க வைத்தால் அந்த நஞ்சு காற்றில் கலக்கும். வீட்டோடு மருத்துவமனைக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். கண்ணனிடம் அரை மணி நேரம் பேசிப் புரியவைத்தேன். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் நானும் இப்போது கல்லைத் தொடுவதில்லை. நீயும் அப்படியே இரு.

கடைசியில் பெர்கியா ஆறு வாங்கி விட்டேன். விரல் நுனி நீளம்கூட இல்லாத கடல் நத்தை, ஓடு கிடையாது. முதுகு முழுக்க மென்மயிர் மாதிரி இழைகள் அடர்ந்திருக்கும். ஐப்டேசியாவைத் தவிர வேறெதையும் தின்னாது. அதன் கொட்டும் செல்களையும் விழுங்கி, தன் முதுகு நுனிகளில் சேர்த்துவைத்துத் தனக்கே ஆயுதமாக்கிக்கொள்ளும்! பகலில் ஒளிந்துகொள்ளும். பம்பின் வாயில் பஞ்சு கட்டிவிட்டுக் காத்திருந்தேன். இரண்டு வாரம் ஒன்றும் தென்படவில்லை, செத்துப்போய்விட்டன என்றே நினைத்தேன்.

நேற்று இரவு டார்ச் அடித்தபோது பின்கண்ணாடியில் வெள்ளை நூலைச் சுருட்டி ஒட்டியது போல முட்டைச் சரம். அதற்குக் கீழே பச்சையின் ஓரத்தில் மூன்றில் ஒன்று இல்லை. மற்றொன்றின் மேல் ஒரு பெர்கியா தலையைப் புதைத்துக்கொண்டிருந்தது. முழங்கால் மரத்துப்போகும்வரை தரையில் உட்கார்ந்து பார்த்தேன்.

இன்று காலை ஒன்பதில் இரண்டு வாய்கள் பாதி திறந்திருக்கின்றன.

நீ கேட்ட துண்டை இப்போது தர மாட்டேன். கோபித்துக்கொள்ளாதே. கண்ணுக்குத் தெரியாத ஒரு துணுக்கு ஒட்டி வந்தாலும் உன் புதுத் தொட்டி போயிற்று. பச்சை முழுக்கத் திறக்கட்டும். பிறகு தள்ளியிருக்கும் பக்கத்தில் நான்கு வாய் வெட்டி, தனித்தொட்டியில் ஒரு மாதம் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவேன். நீயும் வாங்கியதும் நேரே உள்ளே போட்டுவிடாதே, உன் பழைய சின்னத் தொட்டியைக் கழுவித் தயாராக வை. இரை தீர்ந்ததும் பெர்கியாக்களையும் உனக்கே அனுப்பவா, இல்லை கண்ணனுக்கா? அவன் தொட்டியில் குறைந்தது 50 ஐப்டேசியா இருக்கும், பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

சீக்கிரம் எழுது.

உன்,
சுமதி