எதிரணியே தீர்ப்பு சொன்னால்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அமெரிக்கப் பள்ளி விளையாட்டு என்றாலே பணக்காரப் பள்ளிகளின் ஆட்டம்தான் என்று சென்ற இதழின் கடிதப் பகுதியில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். பாதி சரி. டல்லாஸ் பக்கத்தில் ஆலன் என்றொரு ஊர். தன் ஒரே உயர்நிலைப் பள்ளிக்காக 18,000 பேர் உட்காரும் அமெரிக்கக் கால்பந்து மைதானத்தை ஏறக்குறைய 6 கோடி டாலர் செலவில் 2012-இல் திறந்தது. இரண்டே வருடத்தில் கான்கிரீட்டில் விரிசல் விட்டு, மைதானத்தை இழுத்துப் பூட்டி, ரிப்பேர் பார்த்து மறுபடி திறந்தார்கள். இந்தக் கூத்தெல்லாம் உண்மைதான். ஆனால் மைதானம் கட்டுவது அந்தந்த ஊர் மக்களின் வரிப்பணம். யார் யாரோடு மோதுவது என்று முடிவு செய்வது வேறொரு அமைப்பு. டெக்சாஸில் பெண்ணைப் பள்ளி ஓட்டப் போட்டிகளில் ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு அப்பாவாக, அதன் நல்லதையும், எங்களை உறுத்திய ஒரு குறையையும் கொஞ்சம் சொல்ல ஆசை.

அதன் பெயர் யூனிவர்சிட்டி இன்டர்ஸ்காலஸ்டிக் லீக். எல்லோரும் யு.ஐ.எல். என்றுதான் சொல்வார்கள். ஆஸ்டினில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் கீழ் 1910 வாக்கில் விவாதப் போட்டி நடத்தத் தொடங்கி, அப்புறம் விளையாட்டையும் சேர்த்துக்கொண்ட அமைப்பு இது. இன்றும் அதே நிர்வாகம்தான் ஸ்பெல்லிங், ஓரங்க நாடகம், கால்குலேட்டர் போட்டி, பேண்ட் வாத்தியம் எல்லாவற்றையும் நடத்துகிறது. 1,400-க்கும் அதிகமான பள்ளிகள் இதில் உண்டு, ஏறக்குறைய அனைத்துமே அரசுப் பள்ளிகள். தனியார் பள்ளிகளுக்குப் பெரும்பாலும் இடமில்லை. அவர்களுக்கென்று தனி அமைப்புகள் இருக்கின்றன. ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்: 1960-களின் நடுப்பகுதி வரை கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகளையும் இது வெளியேதான் நிறுத்தியிருந்தது. அவர்கள் பிரெய்ரி வியூ என்ற பெயரில் தனி லீக் நடத்திக்கொண்டார்கள்.

எனக்குப் பிடித்தது இவர்கள் தலையெண்ணும் முறை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, அக்டோபர் கடைசியில், ஒவ்வொரு பள்ளியிலும் ஒன்பதாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை எத்தனை பேர் என்று கணக்கு வாங்குகிறார்கள். அதை வைத்து 1ஏ முதல் 6ஏ வரை ஆறு பிரிவு. இரண்டாயிரத்து இருநூறுக்கு மேல் மாணவர்கள் உள்ள பள்ளிகள் உச்சியில். நூறு, நூற்றைந்து பேர் மட்டும் உள்ள கிராமப் பள்ளிகள் அடியில். அந்தச் சின்னப் பள்ளிகளுக்குப் பதினொரு பேர் சேர்ப்பதே கஷ்டம் என்பதால், அணிக்கு ஆறு பேரோடு ஆடும் அமெரிக்கக் கால்பந்தே தனியாக உண்டு. பிப்ரவரித் தொடக்கத்தில் புதுப் பட்டியல் வெளியாகும் நாளன்று கோச்சுகள் படும் பாட்டைப் பார்க்க வேண்டும், நம் ஊரில் ரிசல்ட் நாள் மாதிரி! நான் படித்த பள்ளியில் பத்தாம் வகுப்பில் மொத்தமே முப்பது பேர். குறுவட்டக் கபடியில் டவுன் பள்ளியோடு மோதி, பாதி ஆட்டத்துக்குள் மண்ணைக் கவ்வித் திரும்புவோம். ஆள் எண்ணிக்கை பார்த்து ஜோடி சேர்க்கலாம் என்று அப்போது யாருக்கும் தோன்றவில்லை.

ஒரே பிரிவில் பக்கத்துப் பக்கத்துப் பள்ளிகள் சேர்ந்தால் அது ஒரு டிஸ்ட்ரிக்ட். கலெக்டர் இருக்கும் மாவட்டம் என்று நினைத்துவிடாதீர்கள், ஏழெட்டுப் பள்ளிகளின் கூட்டம், அவ்வளவுதான். தடகளத்தில் அங்கே முதல் நான்கு இடம் பிடித்தால் ஏரியா போட்டி, அதிலும் முதல் நான்கு என்றால் ரீஜினல், அங்கே முதல் இரண்டு என்றால் ஆஸ்டினில் மாநிலப் போட்டி. சிபாரிசுக்கு வழியே இல்லை, கடிகாரம்தான் பேசும். படிப்பு கெடுமே என்று கவலைப்படும் நம்மவர்களுக்கும் பதில் உண்டு. 1984-இல் வந்து, பின்னால் திருத்தப்பட்ட சட்டப்படி, ஒரு பாடத்தில் 70-க்குக் கீழே போனால் குறைந்தது மூன்று வாரம் போட்டியில் இறங்க முடியாது. பயிற்சிக்கு மட்டும் போகலாம்.

சரி, என் குறைக்கு வருகிறேன். போன வருடம் ஜூலையில் பக்கத்து ஊரில் வீடு வாங்கிக் குடிபோனோம். பெண் பதினொன்றாம் வகுப்பு, புதுப் பள்ளி. பழைய அபார்ட்மெண்ட் ஒப்பந்தம் செப்டம்பர் வரை இருந்ததால், என் மனைவியும் சின்னவனும் வாரத்தில் சில நாள் அங்கேயே தங்கினார்கள். பள்ளி மாறும் பிள்ளை விளையாடுவதற்கு முந்தைய பள்ளியும் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். விளையாட்டுக்காகத்தான் மாறினார்களா, குடும்பம் முழுவதும் வீடு மாறியதா என்பதெல்லாம் அதில் வரும். பழைய பள்ளி எங்கள் விஷயத்தில் கேள்வி எழுப்பியது. விவகாரம் டிஸ்ட்ரிக்ட் கமிட்டிக்குப் போனது. மின்கட்டண ரசீது வரை கேட்டார்கள். முடிவு எங்களுக்குச் சாதகமாகத்தான் வந்தது, ஆனால் அதற்குள் இரண்டு போட்டிகள் போய்விட்டன. அதுவரை அவள் பள்ளியின் இரண்டாம் அணியில்தான் ஓடிக்கொண்டிருந்தாள்.

விதி தப்பு என்று நான் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் நல்ல ஆட்டக்காரர்களையெல்லாம் பெரிய பள்ளிகள் வளைத்துப் போட்டுவிடும். என்னை உறுத்துவது அந்தக் கமிட்டியில் உட்காருகிறவர்கள் யார் என்பதுதான். அதே டிஸ்ட்ரிக்டில் மோதும் பள்ளிகளின் நிர்வாகத் தலைவர்கள், அல்லது அவர்கள் அனுப்பும் ஆட்கள். என் பெண் ஓடினால் யாருடைய பிள்ளை பின்னுக்குப் போகுமோ, அவர்கள்தான் அவள் ஓடலாமா என்று முடிவு செய்கிறார்கள். எங்களை விசாரித்தவர்கள் மரியாதையாகவே நடந்துகொண்டார்கள். இருந்தாலும் பஞ்சாயத்தில் பங்காளியே தலைவராக உட்கார்ந்தால் நமக்கு உறுத்தாதா? ஆஸ்டினில் மாநிலக் குழுவிடம் அப்பீல் போகலாம், ஆனால் அது முடிவதற்குள் சீசனில் எத்தனை வாரம் மிஞ்சும்? தலையை எண்ணுவதில் இவ்வளவு கறாராக இருப்பவர்கள், முதல் விசாரணையையும் வேறு டிஸ்ட்ரிக்ட்காரர்களிடம் விட்டால் என்ன என்று எழுதிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் இல்லை.

இங்கே இருக்கும் நம்மவர்கள் பலர், பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும்போதுதான் சொந்த வீடு வாங்கி இடம் மாறுகிறார்கள். ஆகஸ்டில் சீசன் தொடங்குவதற்கு முன்பே பழைய வீட்டைக் காலி செய்துவிடுங்கள். எங்கள் வீட்டில் கிரைண்டர்தான் கடைசியாக வந்தது. அது எந்த வீட்டில் ஓடுகிறதோ அங்கேதான் குடும்பம் இருக்கிறது என்று என் மனைவி அப்போதே சொன்னாள். கமிட்டியும் கிட்டத்தட்ட அதையேதான் கேட்டது.

இப்படிக்கு,
டல்லாஸ் புறநகரிலிருந்து ஒரு வாசகன்